பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

(வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோருக்காக வானொலியில் வழங்கிய சிந்தனை)



நம் கடலோரப் பங்குகளில் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அடிக்கடி காணும் காட்சி இது. ஓர் இளைஞன் புதுச் சட்டையோடு பீடத்தின் அருகே வந்து நிற்பான். அவனுக்குப் பின்னால் அவன் தாய், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பார். "சாமி, பையன் நாளைக்கு துபாய்க்குப் போறான், செபிச்சு விடுங்க" என்பார். நாங்களும் தலையில் கை வைத்துச் செபித்து, நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்பி வைப்போம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு அப்படி வந்த ஒரு தாய் பெட்டியையும் கையோடு கொண்டுவந்திருந்தார். பெட்டியையும் மந்திரித்துத் தர வேண்டும் என்பது அவர் ஆசை. அப்போது பங்குப் பேரவையில் இருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் நின்றார். குவைத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்துத் திரும்பியவர். "சாமி மந்திரிக்கிறதுக்கு முந்தி நான் ஒரு தடவை பார்க்கட்டுமா?" என்று கேட்டார். ஆலயத்துத் தாழ்வாரத்தில் பாய் விரித்துப் பெட்டியைத் திறந்தோம். அன்று நாங்கள் கற்றுக்கொண்டதையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

பெட்டியிலிருந்து வெளியே வந்தவை

மேலே இருந்தது ஒரு பெரிய டப்பா நிறையக் கறி மசாலா. பெரியவர் மூடியைத் திறந்து முகர்ந்தார். "இதுல கசகசா போட்டு அரைச்சியாம்மா?"

"கொஞ்சம்தான் போட்டேன் அண்ணே. அவனுக்கு அந்த வாசம் இல்லாட்டி சோறு இறங்காது."

"எடுத்து வெளியே வை."

அந்தத் தாய்க்குப் புரியவில்லை. நமக்குக் கசகசா பாயசத்துக்கும் குருமாவுக்கும் போடும் பொருள். அதுவோ அபினிச் செடியின் விதை. ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா போன்ற நாடுகளில் அது தடைசெய்யப்பட்ட போதைப்பொருள் வரிசையில் வருகிறது. "எனக்குத் தெரியாது" என்று சொன்னால் சுங்க அதிகாரி விட்டுவிடுவார் என்று நம்பிப் போக முடியாது. தாய் பாசத்தோடு அரைத்த பொடி மகனைச் சிறையில் வைக்கக்கூடும்.

அடுத்து வந்தது ஒரு பொட்டலம் கொப்பரைத் தேங்காய். அதில் எண்ணெய் அதிகம். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது என்பதால் விமானத்தில் ஏற்ற அனுமதிப்பதில்லை. ஊறுகாயும் நெய்யும் கைப்பையில் இருந்தால் நம் ஊர் விமான நிலையத்திலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். கருவாடும் ஊறுகாயும் கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால், காற்றுப் புகாமல் கட்டிச் சரக்கில் போகும் பெட்டியில் வையுங்கள். எத்தனை கிலோ அனுமதி என்று பயணச்சீட்டில் எழுதியிருக்கும். வீட்டிலேயே எடை போட்டுப் பார்த்துவிடுங்கள். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து, அம்மா கட்டித் தந்ததைக் குப்பைத் தொட்டியில் போடுகிற வேதனை யாருக்கும் வேண்டாம்.

பிறகு மருந்துகள். அட்டையிலிருந்து பிரித்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி வைத்திருந்தார்கள். கூடவே ஓர் இருமல் மருந்துப் புட்டி. பெரியவர் தலையை ஆட்டினார். நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் சில இருமல் மருந்துகளில் கோடீன் இருக்கிறது. சில வலி மாத்திரைகளில் டிரமடால் இருக்கிறது. தூக்க மாத்திரைகளும் மனநல மருந்துகளும் அதே போன்றவை. அமீரகத்தில் இவற்றைக் கொண்டுபோக அந்நாட்டு அரசிடம் முன் அனுமதி பெற வேண்டும். ஆகவே எந்த மருந்தானாலும் அதன் சொந்த அட்டையிலேயே இருக்கட்டும். மருத்துவர் கையெழுத்திட்டு, மருந்தின் மூலப்பெயரை எழுதிய சீட்டு கூடவே இருக்கட்டும். தேவைக்கு மேல் எடுக்க வேண்டாம். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுவோர் சீட்டில்லாமல் கிளம்பவே கூடாது.

பெட்டியின் அடியில் செய்தித்தாளில் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டிய ஒரு பொதி இருந்தது. "இது யாருது மக்கா?" என்று பெரியவர் கேட்டார். அந்த இளைஞன் தயங்கினான். "ஏஜென்ட் ஆபீஸ்ல கொடுத்தாங்க மாமா. அங்க ரூம்ல இருக்கிற பையனுக்கு மிக்சராம்."

பெரியவர் எதுவும் பேசாமல் பொதியைப் பிரித்தார். நல்ல வேளை, உள்ளே இருந்தது மிக்சர்தான். ஆனால் அவர் சொன்னதை நாங்கள் மறக்கவில்லை. "இன்னிக்கு மிக்சர். பிரிச்சுப் பார்த்ததுனால மிக்சர்னு தெரியுது. பிரிக்காமக் கொண்டுபோயிருந்தா, உள்ளே எது இருந்தாலும் அது உன் பொருள்தான்."

மற்றவர் கொடுத்த பொதிக்குள் போதைப்பொருள் இருந்து, உள்ளே இருப்பது தெரியாமலே சிறைக்குப் போன நம் நாட்டவர்கள் உண்டு. இந்தியத் தூதரகங்கள் இதைப் பற்றி மீண்டும் மீண்டும் எச்சரிக்கின்றன. சவூதி அரேபியா, குவைத் போன்ற நாடுகளில் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனைகூட உண்டு. பிறருக்கு உதவுவது நற்பண்புதான். ஆனால் பொதியை உங்கள் கண் முன்னே பிரித்துக் காட்ட மறுப்பவருக்கு "மன்னிக்கணும்" என்று சொல்வது பாவமல்ல.

இன்னும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறோம். சவூதி அரேபியாவுக்கும் குவைத்துக்கும் மதுவும் பன்றி இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது. பான் பராக், குட்கா வகைகளை எந்த நாட்டுக்கும் எடுக்க வேண்டாம்.

பெட்டிக்குள் போனவை

இடம் காலியானதும் பெரியவர் வேறு பொருள்களைக் கேட்டார். முதலில் ஒரு கம்பளிச் சட்டை. தாய் சிரித்துவிட்டார். "பாலைவனத்துக்கா அண்ணே?" பாலைவனத்துக்குத்தான். குவைத்தின் மித்ரிபா என்னுமிடத்தில் 2016-ஆம் ஆண்டு சூலையில் 53.9 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது உண்மை. ஆனால் அதே குவைத்திலும் ரியாத்திலும் சனவரி மாத இரவுகளில் எலும்பு வரை குளிரும். கோடையில் வேலைக்குப் போனவர்கள் முதல் குளிர்காலத்தில் போர்வை வாங்கக் காசின்றி நடுங்குவதைப் பெரியவர் பார்த்திருக்கிறார். முழுக்கைப் பருத்திச் சட்டைகள், தொப்பி, பாதத்தை மூடும் செருப்பு ஆகியவை வெயிலுக்கு. பெண்கள் தோளையும் முழங்காலையும் மறைக்கும் தளர்ந்த உடைகளையே எடுத்துச் செல்லட்டும். நம் ஊர்ச் சுடிதாரும் துப்பட்டாவும் அங்கே கண்ணியமான உடைதான்.

சதுர முனை மூன்று கொண்ட பிளக்தான் வளைகுடாவில் புழக்கம். நம் உருண்டை முனை அதில் நுழையாது. ஐம்பது நூறு ரூபாய்க்கு ஒரு மாற்றுப் பிளக் வாங்கிவைத்தால், முதல் இரவே வீட்டுக்குப் பேசலாம்.

அடுத்தவை தாள்கள். கடவுச்சீட்டு, விசா, வேலை ஒப்பந்தம், சான்றிதழ்கள் எல்லாவற்றுக்கும் மூன்று நகல்கள் எடுங்கள். ஒன்று கையில், ஒன்று பெட்டியில், ஒன்று வீட்டில். கைபேசியிலும் படம் எடுத்து வையுங்கள். கடவுச்சீட்டு குறைந்தது இன்னும் ஆறு மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும். படிப்புச் சான்றிதழ் தேவைப்படும் வேலையானால், அதற்கு அரசு முத்திரைகள் பெற வாரக்கணக்கில் ஆகும். கடைசி நேரத்துக்கு வைக்காதீர்கள்.

பங்கிலிருந்து திருமுழுக்குச் சான்றிதழும், உறுதிபூசுதல் சான்றிதழும், மணமானவர்கள் திருமணச் சான்றிதழும் வாங்கிச் செல்லுங்கள். அங்கே திருமணமோ, பிள்ளைக்குத் திருமுழுக்கோ, புதுநன்மையோ வரும்போது அங்குள்ள பங்குத்தந்தை இவற்றைக் கேட்பார். அப்போது வீட்டாரை நம் அலுவலகத்துக்கும் மறைமாவட்ட அலுவலகத்துக்கும் அலைய வைக்க வேண்டியதில்லை.

நம் ஊர்ச் செல்பேசி எண்ணை அணைந்துபோக விடாதீர்கள். வங்கியிலிருந்து வரும் ரகசிய எண் அதற்குத்தான் வரும். வெளிநாட்டில் வேலை செய்யத் தொடங்கியவர் சாதாரண சேமிப்புக் கணக்கை வெளிநாடு வாழ் இந்தியருக்கான கணக்காக மாற்ற வேண்டும் என்பது சட்டம். கணக்கில் மனைவியையோ தாயையோ வாரிசுதாரராகக் குறிப்பிட்டிருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

விசாத் தாளில் இருந்தது

பெட்டி முடிந்தது என்று நினைத்தோம். பெரியவர் "விசாவைக் காட்டு மக்கா" என்றார். மூக்குக் கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார். பிறகு தாளை எங்களிடம் நீட்டினார். அது வேலை விசா அல்ல. சுற்றுலாவுக்குச் செல்வோருக்கான வருகை விசா.

"உள்ளே போனதும் மாத்திக்கலாம்னு சொன்னாங்க மாமா."

"எவ்வளவு கொடுத்தீங்க?"

பதில் சொன்னது தாய். ஒன்றரை இலட்சம். பாதி, தாலிக்கொடியை அடகு வைத்தது. மீதி, மாத வட்டிக்கு வாங்கியது.

அன்பார்ந்தவர்களே, இதைப் பொறுமையாகக் கேளுங்கள். வருகை விசாவில் சென்று வேலை செய்வது அமீரகத்தில் சட்டத்துக்குப் புறம்பானது. கூலி கிடைக்காவிட்டால் முறையிடவும் வழியில்லாமல் போகும், ஏனெனில் அந்த நாட்டின் கணக்கில் அவன் தொழிலாளியே அல்ல. அந்த இளைஞன் பத்தாம் வகுப்புத் தேறவில்லை. அப்படிப்பட்டவர்களின் கடவுச்சீட்டு குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகையைச் சேர்ந்தது. வளைகுடா நாடுகள் உள்ளிட்ட குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி அவர்கள் முன்னதாக அனுமதி பெற வேண்டும். இது நம்மைத் தடுக்கும் வேலி அல்ல. ஒப்பந்தத்தை அரசு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதற்காக வைத்த வாசல். வீட்டு வேலைக்குச் செல்லும் இவ்வகைப் பெண்களுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதும் அதே பாதுகாப்புக்காகத்தான்.

ஆள் சேர்க்கும் முகவர் அரசிடம் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். அவருடைய உரிம எண்ணை அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பதிவு பெற்ற முகவர் தம் சேவைக்காக வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி. வரியும்தான். அதற்கும் இரசீது தர வேண்டும். சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகமும் இருக்கின்றன. ஐயம் இருந்தால் அங்கே கேளுங்கள். பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீட்டுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுகளுக்கு 375 ரூபாய். விபத்தில் உயிரிழந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ 10 இலட்சம் ரூபாய் கிடைக்கும். ஒரு பிரியாணிச் செலவில் குடும்பத்துக்கு ஒரு தூண்.

அந்த இளைஞன் மறுநாள் விமானம் ஏறவில்லை. தாய் அழுதார், எங்கள் மேல் கோபமும் பட்டார். வட்டி யார் கட்டுவது என்று கேட்டார். எங்களிடம் அதற்குப் பதில் இல்லை. பெரியவரும் பேரவையினரும் நான்கு முறை நடந்து, கொடுத்த பணத்தில் பாதியைத் திரும்ப வாங்கினார்கள். மீதி போனது போனதுதான். ஏழு மாதம் கழித்து முறையான விசாவில் அவன் புறப்பட்டான். தாலிக்கொடி மீண்டு வர இன்னும் இரண்டு ஆண்டு ஆனது. இது இனிப்பான முடிவு அல்ல. ஆனாலும் முதலில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது, இழந்த பணத்துக்காக நாங்கள் வருந்தினாலும் அன்று பெட்டியைத் திறந்ததற்காக இன்றும் இறைவனுக்கு நன்றி சொல்கிறோம்.

விசுவாசத்தை எப்படிக் கொண்டுசெல்வது?

அந்தப் பெட்டியில் இன்னொன்றும் இருந்தது. ஐம்பது செபச் சிற்றேடுகள். "அங்க உள்ளவங்களுக்குக் கொடுக்கட்டும்னு வச்சேன் சாமி" என்றார் தாய். நல்லெண்ணம்தான். ஆனால் இஸ்லாமியரிடையே வேறு மறையைப் பரப்புவது அந்நாடுகளில் குற்றம். கையில் ஐம்பது பிரதி இருந்தால் அதுவே சான்றாகிவிடும். உங்கள் சொந்தச் செபத்துக்கு ஒரு விவிலியம், ஒரு செபமாலை போதும்.

வளைகுடா முழுவதும் ஒரே மாதிரி அல்ல என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். சவூதி அரேபியாவில் ஆலயம் கிடையாது. மற்ற சமயத்தவர் பொதுவில் வழிபட அனுமதி இல்லை. அங்கே செல்வோர் சிலுவைச் சங்கிலியை வெளியே தெரியும்படி அணியாமல் இருப்பது நல்லது. மற்ற ஐந்து நாடுகளில் ஆலயங்கள் உண்டு. துபாயில் புனித மரியா ஆலயம், அபுதாபியில் புனித சூசையப்பர் பேராலயம், குவைத்தில் திருக்குடும்ப ஆலயம், தோகாவில் 2008-இல் திறக்கப்பட்ட செபமாலை அன்னை ஆலயம், மஸ்கட்டில் புனித பேதுரு பவுல் ஆலயம், பக்ரைனின் அவாலியில் 2021-இல் அருச்சிக்கப்பட்ட அரேபியா அன்னை பேராலயம். இவற்றில் பலவற்றில் தமிழிலும் திருப்பலி நடக்கிறது. பல நாடுகளில் விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால், ஞாயிறு வழிபாடே வெள்ளிக்கிழமையில் நடப்பதைக் கண்டு திகைக்க வேண்டாம். அமீரகத்தில் மட்டும் 2022 முதல் சனியும் ஞாயிறும் வார விடுமுறை. அங்கே போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஆலயத்தைத் தேடிச் செல்லுங்கள். தனிமைக்கு முதல் மருந்து அங்கேதான் கிடைக்கும்.

நோன்பு மாதத்தில் பகலில் பொது இடத்தில் உண்ணுவதையும் குடிப்பதையும் புகைப்பதையும் தவிருங்கள். பல நாடுகளில் அது தண்டனைக்குரியது. சட்டத்துக்காக மட்டும் அல்ல. பக்கத்தில் வெயிலில் தண்ணீர்கூடப் பருகாமல் வேலை செய்கிறவர் மேல் உள்ள மரியாதைக்காகவும் அப்படி இருங்கள். முன்பின் தெரியாத பெண்களைப் படம் எடுக்காதீர்கள். எந்தச் சமயத்தையும் இகழும் செய்தியை வாட்சப்பில் அனுப்பாதீர்கள். நம் ஊரில் யோசிக்காமல் அனுப்பும் ஒரு செய்தி அங்கே வழக்காகும்.

இஸ்லாமிய நாடு என்றதும் சிலருக்கு ஓர் அச்சம். நம் ஊரில் நோன்பு நாளில் பள்ளிவாசல் கஞ்சியைத் தூக்குவாளியில் வாங்கிக் குடித்து வளர்ந்தவர்கள்தானே நாம்? நம் பிள்ளைகள் பக்கத்து வீட்டுப் பாய் வீட்டில் பெருநாள் பிரியாணி சாப்பிட்டவர்கள்தானே? குர்ஆனில் ஓர் அதிகாரமே அன்னை மரியாவின் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1219-இல் போர் நடந்துகொண்டிருந்தபோதே அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் எகிப்தின் சுல்தான் அல்-காமிலைச் சந்திக்கச் சென்றார். அதற்குச் சரியாக 800 ஆண்டுகள் கழித்து, 2019 பிப்ரவரி 4 அன்று, அபுதாபியில் திருத்தந்தை பிரான்சிசும் அல்-அசார் பெரிய இமாம் அகமது அல்-தயீப்பும் மனித உடன்பிறந்த உறவு பற்றிய ஆவணத்தில் கையெழுத்திட்டார்கள். நம் பிள்ளைகள் அங்கே செல்வது இந்தப் பாதையில்தான். நேர்மையான உழைப்பும், பொய் சொல்லாத நாவும், உடன் வேலை செய்பவர் காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்கும் கையும்தான் அங்கே நம் மறையுரை.

வழிகாட்டும் இறைவார்த்தை

விவிலியம் முழுவதும் பயணம் போகிறவர்களின் கதைதான். ஆபிரகாம் ஊரையும் உறவையும் விட்டுப் புறப்பட்டார். தூய சூசையப்பர் இரவோடு இரவாகக் குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு நடந்தார். ஆண்டவர் இயேசுவோ தம் சீடர்களை அனுப்பும்போது, பையும் உணவும் காசும் இல்லாமல் ஒரு கோலோடு போகச் சொன்னார். பெட்டியின் கனத்தில் நம் பாதுகாப்பு இல்லை என்று அவர் கற்பித்தார்.

பாபிலோனில் அந்நியராய் வாழ்ந்த மக்களுக்கு எரேமியா ஒரு கடிதம் எழுதினார். அங்கே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்த நகரின் நலனுக்காகச் செபியுங்கள், அதன் நலனில்தான் உங்கள் நலனும் இருக்கிறது என்ற கருத்தில் அது அமைந்திருக்கிறது. வெளிநாட்டில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் எழுதிய கடிதமாக அதை வாசிக்கலாம். சம்பளத்தை மட்டும் அல்ல, சம்பளம் தரும் நாட்டையும் செபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருக்கும் நமக்கும் ஒரு வேலை உண்டு. போனவரிடம் "எவ்வளவு அனுப்பினாய்?" என்று கேட்பதற்கு முன் "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். அனுப்பும் பணத்தில் முதலில் கடனை அடையுங்கள். வீட்டுக்கு மாடி பிறகு எழும்பலாம். கணவரோ மனைவியோ தொலைவில் இருக்கும் குடும்பங்களை அன்பியத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். அவர்களைப் பற்றி வம்பு பேசாதீர்கள்.

நம் பங்கிலிருந்து யாராவது கிளம்புவதாக இருந்தால், பயணத்துக்கு முந்திய நாள் வராமல் பணம் கொடுப்பதற்கு முன்பே வாருங்கள். திரும்பி வந்த அனுபவசாலிகள் ஒவ்வொரு அன்பியத்திலும் இருக்கிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து விசாவைப் படிப்போம், பெட்டியைத் திறப்போம். அதன் பிறகு மந்திரிப்போம்.

அன்று பெரியவர் கடைசியில் தாயிடம் கேட்டார்: "கசகசா போடாம ஒரு பிடி மசாலா அரைச்சுத் தருவியாம்மா?" ஏழு மாதம் கழித்துப் பெட்டியில் அது இருந்தது.

செபிப்போம்: அன்பின் இறைவா, எகிப்தில் அந்நியராக வாழ்ந்த திருக்குடும்பத்தைக் காத்தவரே, பிழைப்புக்காகக் கடல் கடந்து செல்லும் எம் பிள்ளைகளைக் காத்தருளும். அவர்களுக்கு நல்ல முதலாளியையும், நல்ல நண்பரையும், நலமான திரும்புதலையும் தாரும். அவர்களை வரவேற்கும் நாடுகளையும் மக்களையும் ஆசீர்வதியும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.